மண் சுவரில் வைத்த வெள்ளை ஜன்னல்

எனக்கு எழுபத்து நாலு வயது. ஆறு பேரை வளர்த்தேன். பெற்றது ஐந்து, ஆறாவது என் நாத்தனார் செத்தபோது விட்டுப்போன பெண். என் வீட்டுக்காரர் வேலை பார்த்த மில்லை மூடி, சங்கு ஊதுவது நின்றுபோன பிறகும் ஒருத்தர் வாசலில் போய் நிற்காமல் ஆறு பேருக்கும் சோறு போட்டேன். இதைப் பெருமைக்குத்தான் சொல்கிறேன். எனக்குப் பெருமை உண்டு. தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

என் கடைசி மகன் ஜன்னல் மாட்டுகிற வேலை செய்தவன். மழைத் தண்ணீர் உள்ளே வராத, வெள்ளைச் சட்டமும் கண்ணாடியுமாகத் தள்ளித் திறக்கிற ஜன்னல். ஏழு மாதமாக அவன் அந்த வேலைக்குப் போவதில்லை. துளை போடும் மிஷினைச் சாக்கில் கட்டிப் பரண்மேல் போட்டுவிட்டு, மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறான். அப்பாவைக் கொன்றது தான் வைத்த ஜன்னல் என்று நினைக்கிறான். தெருவும் அப்படித்தான் நினைக்கிறது. அவன் வேலையில் குறை இல்லை. அது எனக்கு மட்டும் தெரியும். அதைத்தான் சொல்லப்போகிறேன். எனக்கு எதையும் ஒழுங்காகச் சொன்னால்தான் வரும், அதனால் வீட்டிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

வீடு மூலக்குளத்தில், வில்லியனூர் ரோட்டிலிருந்து உள்ளே போகிற சந்தில் இருக்கிறது. நாங்கள் வந்தபோது சுற்றிலும் சவுக்கைத் தோப்பும் கேழ்வரகுக் கொல்லையும்தான். இப்போது நாலு பக்கமும் மாடி. மண் சுவரோடு நிற்பது எங்களுடையது ஒன்று. அந்தச் சுவரை நானும் என் வீட்டுக்காரரும் வைத்தோம். அவர் மில்லில் எந்த ஷிப்டு முடித்து வந்தாலும் மண்ணை வெட்டிக் குவிப்பார். நான் தண்ணீர் விட்டு, வைக்கோலை நறுக்கிப் போட்டு மிதிப்பேன். வயிற்றில் மூன்றாவது பிள்ளை. ஒரு முழ உயரத்துக்கு வைத்து, அது இறுகிய பிறகுதான் மேலே அடுத்த வரிசை வைக்க வேண்டும். அவசரப்பட்டால் அடியில் பிதுங்கிவிடும். ஒரு கோடை முழுக்க மிதித்தேன். பக்கத்தில் தென்னை மரங்கள் சாய்ந்த புயலிலும் அது நின்றது. அதனால் மண்ணைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்று இருந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மில்லில் பஞ்சு பிரிக்கிற பக்கம் வேலை. முப்பது வருஷத்துத் தூசி நெஞ்சில் தங்கிவிட்டது. கடைசி இரண்டு வருஷம் கட்டிலோடு கிடந்தார். கட்டில் கிழக்குச் சுவரை ஒட்டி. அந்தச் சுவரில்தான் வெளிச்சத்துக்கு ஒரு சின்ன ஜன்னல், நாலு கம்பியும் செல்லரித்த ஒரு பலகையும். ஐப்பசி பிறந்தால் கடல் பக்கத்துச் சாரல் நேராக அவர் மேல் வந்து விழும். தார்ப்பாய் கட்டினால் இருட்டாகிவிடும், மூச்சு முட்டுகிறது என்பார். அவிழ்த்தால் நனைவார், இரண்டு நாள் இருமுவார்.

“மழையும் வரக்கூடாது, வெளிச்சமும் போவக்கூடாதுன்னா நான் இன்னாய்யா பண்றது?” என்று ஒருநாள் கத்திவிட்டேன்.

மகன் காதில் அது விழுந்தது. அவன் கனகசெட்டிக்குளம் பக்கம் கடலைப் பார்த்துக் கட்டுகிற பெரிய வீடுகளுக்கெல்லாம் ஜன்னல் வைத்துவிட்டு வருகிறவன். அவன் அப்பா மட்டும் நனைகிறார். சாப்பிட்டுவிட்டு எழுந்து போனான். ஆடி கடைசியில் ஒருநாள் வந்து சொன்னான்:

“ஷெட்டுல அளவு தப்பிப்போன சன்னல் ஒண்ணு கெடக்குதுப்பா. மொதலாளி எடுத்துக்கோன்னுட்டாரு.”

“ஊருக்கெல்லாம் அளவு தப்புனது நமக்கு மட்டும் எப்பிடிடா சரியா வரும்?” என்றார் அவர்.

“ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டிக்கலாம். மண்ணுதான.”

“மண்ணுதானவா? மெதுவா பேசுடா. உங்கம்மா காதுல வுழுந்தா உன்ன வெட்டுவா.”

எனக்குக் காதில் விழுந்தது. சிரித்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. மகனுக்குத் தெரிந்ததெல்லாம் செங்கல் சுவரும் கான்கிரீட்டும். துளை போட்டு, திருகாணியை முறுக்கினால் பிடித்துக்கொள்ளும். இங்கே மிஷினை வைத்த உடனே கொழுக்கட்டை மாவில் விரலை விட்ட மாதிரி உள்ளே போனது. திருகாணி சுற்றிக்கொண்டே இருந்தது. மிஷினைக் கீழே வைத்துவிட்டுப் போய் ஒரு மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்தான். வயதானவர், மண் வீட்டு வேலை தெரிந்தவர். அவர் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, “யார் மிதிச்ச மண்ணு இது?” என்று கேட்டார்.

“நான்தான்.”

“கல்லு மாதிரி கீதும்மா” என்றார். அந்த ஒரு சொல்லுக்கு அவருக்கு இரண்டு டம்ளர் டீ கொடுத்தேன்.

அவர் சொன்ன முறை வேறு. ஜன்னலைச் சுவரில் திருகக் கூடாது. முதலில் ஒரு மரச்சட்டம். அதன் மேல்கட்டையும் கீழ்க்கட்டையும் இரண்டு பக்கமும் ஒரு முழத்துக்குச் சுவருக்குள்ளே போய் உட்கார வேண்டும். மேலே பாரம் தாங்கப் பனங்கட்டை. அந்த மரச்சட்டத்தில்தான் ஜன்னலைத் திருக வேண்டும். சொன்னபடியே இரண்டு பேரும் செய்தார்கள். வெட்டிய இடத்தில் மகன் ஒரு கட்டி மண்ணைக்கூடத் தேவைக்கு மேல் எடுக்கவில்லை. நான் பக்கத்திலேயே நின்று பார்த்தேன். பூச்சுக்கு மேஸ்திரி மண்ணையும் சுண்ணாம்பையும் குழைத்தார்.

“சிமெண்ட்டு போடலியா?” என்று கேட்டேன்.

“மண்ணுக்கு மேல சிமெண்ட்டு ஒட்டாதும்மா. தனியா தோலு மாதிரி நிக்கும். உள்ள ஈரம் பூந்துட்டா வெளிய வர வழி இருக்காது. மண்ணுக்கு மண்ணுதான்.”

மகன் என்னை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் காட்டினான். ஜன்னலின் கீழ்ச்சட்டத்தில், வெளிப்பக்கம், நீளவாக்கில் இரண்டு சின்னத் துளைகள். “கண்ணாடி ஓடுது பாரு, அந்தப் பள்ளத்துல மழத் தண்ணி எறங்கும். இந்த ரெண்டு ஓட்ட வழியா வெளிய போயிடும். இதுல மட்டும் எதுவும் அடைக்காம பாத்துக்கம்மா.”

சொன்னான். எனக்குக் காதில் விழவில்லை என்று சொல்ல மாட்டேன்.

அன்று சாயந்திரம் என் வீட்டுக்காரர் கண்ணாடியைத் தள்ளித் தள்ளித் திறந்து மூடினார். திறந்தால் தெருச் சத்தம், மூடினால் இல்லை. அதை ஒரு பத்து முறை செய்திருப்பார். “மில்லு மொதலாளி ரூமு இப்பிடித்தாண்டி இருக்கும்” என்றார். ஏரோப்ளேன் போனால் படுத்தபடியே கையைத் தூக்கிக் காட்டுவார்.

எங்கள் வீட்டுக்கு எதிரே ஒரு மாடி வீடு. அந்த வீட்டுப் பெரியவர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சிப்பாயாக இருந்தவர் என்பதால் தெருவில் அதைச் சொல்தா வீடு என்போம். அந்த வீட்டு மருமகளுக்கும் எனக்கும் முப்பது வருஷமாக வாய்ப் பேச்சில் சண்டையும் நடக்கும், குழம்பும் கைமாறும். ஜன்னல் வைத்த மூன்றாம் நாள் அவள் வாசலில் நின்று பார்த்தாள்.

“இன்னாக்கா, பட்டுப் பொடவைக்குச் சாக்குல கரை வச்ச மாதிரி இருக்குது.”

“சாக்குன்னாலும் எங்க சாக்கு. உனக்கு இன்னா?”

“கோச்சிக்காத. அவ்ளோ அழகா சன்னலு வச்சிட்டு சுத்தி மண்ணப் பூசியிருக்கீங்க. ஒரு பாண்டு சிமெண்ட்டு பூசுனா லட்சணமா இருக்குமேன்னு சொன்னேன்.”

அவள் விளையாட்டுக்குச் சொன்னாள். எனக்கு அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. தெருவில் போகிறவர்கள் ஜன்னலைப் பார்க்கிறபோதெல்லாம், ஜன்னலைச் சுற்றி இருக்கிற மண்ணைத்தான் பார்க்கிறார்கள் என்று தோன்றும்.

அந்த வாரத்திலேயே எறும்பு வந்தது. சிவப்பெறும்பு. அவருடைய இருமல் மருந்து தித்திப்பு. தலையணையில் ஒரு சொட்டு விழுந்திருக்கும். வெளியிலிருந்து அந்த இரண்டு துளை வழியாக ஏறி, பள்ளத்தில் வரிசை வைத்து, கட்டிலுக்கு இறங்கின. விடிந்து பார்த்தால் அவர் கழுத்தெல்லாம் தடிப்பு. அவரால் தட்டிவிடக்கூட முடியவில்லை. மழை வராத ஜன்னலுக்கு எதற்கு ஓட்டை என்று அப்போது நினைத்தேன்.

மகனும் மருமகளும் வேலைக்குப் போன பிறகு, அடுத்த மனையில் வீடு கட்டுகிற இடத்துக்குப் போனேன். அங்கிருந்த சித்தாளிடம் கேட்டு, மீந்த சிமெண்ட் கலவை ஒரு பாண்டுச் சட்டி நிறைய வாங்கி வந்தேன். வெளியே முக்காலி போட்டு ஏறி நின்று, கையாலேயே பூசினேன். அறுபது வருஷம் சாணி மெழுகிய கை, வழவழவென்று வந்தது. நாலு பக்கமும் பூசினேன். கீழே வரும்போது இரண்டு துளையிலும் கட்டை விரலால் கலவையை அழுத்தி, உள்ளே போகிற மட்டும் திணித்து, மேலே இழுத்து விட்டேன். மறுநாள் எல்லாவற்றுக்கும் மேல் சுண்ணாம்பு அடித்தேன். எது மண், எது சிமெண்ட் என்று யாருக்கும் தெரியாது.

மகன் ராத்திரி வந்து பார்த்தான். “சுண்ணாம்பு அடிச்சியாம்மா? நல்லா இருக்குது” என்றான். நாள் முழுக்க ஊரார் வீட்டு ஜன்னலைப் பார்த்துவிட்டு வருகிறவன், கிட்டே போய்ப் பார்க்கவில்லை. நானும் சொல்லவில்லை.

எறும்பு நின்றது. எதிர் வீட்டுக்காரி, “இப்பதாங்கா கல்லு வூடு மாதிரி இருக்குது” என்றாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கார்த்திகையில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மண் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு: பெருமழைக்குக் கட்டில், பாய் எல்லாவற்றையும் சுவரிலிருந்து இழுத்து வீட்டு நடுவில் போட்டுவிடுவோம். நின்ற பிறகும் மூன்று வெயில் பார்த்துத்தான் சுவரோரம் போவோம். மழையில் நிற்கிற சுவர் வெயிலில் விழும். ஊறின மண் காயும்போதுதான் பிடியை விடுகிறது. என் மாமியார் சொன்னது, நானும் என் மருமகளுக்குச் சொன்னது. அதன்படி கட்டிலை நடுவில் இழுத்துப் போட்டோம்.

அந்த மூன்று நாளும் ஜன்னல் வழியாக ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மழை அடிக்கிறது, இந்தப் பக்கம் அவர் காய்ந்த போர்வைக்குள் கிடக்கிறார். பள்ளத்தில் மட்டும் தண்ணீர் தளும்பி நிற்கும். கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தால் வற்றியிருக்கும். நான் துடைக்கவில்லை, துளையும் இல்லை, எங்கே போகிறது என்று நினைக்கவில்லை. சட்டத்து மூலையில் இருக்கிற இடுக்கு வழியாகச் சுவருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. நான் பூசிய சிமெண்ட் தோல் அதை வெளியே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணை மிதித்தவளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் காலையில் வெயில் வந்தது. நல்ல வெயில். மகன் வேலைக்குப் போகும்போது, “கட்டில நவுத்தாதீங்க” என்றுதான் சொல்லிவிட்டுப் போனான். பத்து மணி இருக்கும். ஜன்னல் வெளிச்சம் தரையில் சதுரமாக விழுந்திருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

“இந்தா, என்ன அந்தப் பக்கம் தள்ளி வுடு. மூணு நாளா வெயிலே படல.”

“மூணு வெயில் போவட்டும்யா.”

“நான் மூணு வெயிலு இருப்பனோ மாட்டனோ. சுவரு இன்னா சொல்லுது பாரு, போய்த் தொட்டுப் பாரு.”

போய்த் தொட்டுப் பார்த்தேன். ஜன்னலுக்குக் கீழே சில்லென்று இருந்தது. மழை நாளில் எந்தச் சுவர் சில்லென்று இருக்காது என்று நினைத்தேன். வெளியே போயும் பார்த்தேன். சிமெண்ட் பூசிய இடம் காய்ந்து வெள்ளையாக இருந்தது. சுண்ணாம்பு கரைந்து மண் தெரிகிற இடமெல்லாம் கருத்து ஈரமாக இருந்தது. இந்த இடம்தான் கெட்டி என்று நம்பி, கட்டிலை நான்தான் தள்ளினேன். தலைமாட்டை ஜன்னலுக்கு நேராக வைத்தேன். வெயில் அவர் முகத்தில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். “கஞ்சி வச்சிக்கினு வா” என்றார்.

அடுப்பில் கஞ்சியைக் கிளறிக்கொண்டிருந்தேன். பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. வண்டியிலிருந்து மூட்டையை இறக்கின மாதிரி ஒரு சத்தம். அவ்வளவுதான். திரும்பினால் கிழக்குப் பக்கம் வெட்டவெளி. எதிர் வீட்டு மாடி தெரிந்தது. கட்டில் இருந்த இடத்தில் மண். மண்ணுக்கு மேல் ஜன்னல் மல்லாந்து கிடந்தது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை.

முதலில் ஓடி வந்தது எதிர் வீட்டுக்காரிதான். மண்வெட்டி வைத்தால் அவர் மேல் பட்டுவிடும் என்று கையாலேயே தோண்டினாள். நகம் பிய்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. இரண்டு பேரும் தோண்டினோம். நான் மிதித்த மண், எனக்குத் தெரியும் அது எவ்வளவு கனம் என்று. அவர் முகத்தை எடுத்தபோது வாயிலும் மூக்கிலும் அதுதான் இருந்தது. கூழாக இருந்தது. நாற்பது வருஷத்துக்கு முன்னால் மிதித்தபோது எப்படி இருந்ததோ அப்படி.

அவரை எடுத்துக்கொண்டு போனார்கள். ஆட்கள் மண்ணை ஒதுக்கிக் குவித்தார்கள். அந்தக் குவியலில் என் சிமெண்ட் துண்டு துண்டாகக் கிடந்தது. ஒரு துண்டில் இரண்டு முளை நீட்டிக்கொண்டிருந்தது. துளையில் திணித்தது அப்படியே அச்சாக வந்திருந்தது, மேலே என் கட்டை விரல் பதிவோடு. அதை முந்தானையில் மூடி எடுத்துப்போய்ப் பின்பக்க வாய்க்காலில் போட்டேன். புருஷன் பிணம் ஆஸ்பத்திரியிலிருந்து இன்னும் வரவில்லை. அந்த நேரத்தில் நான் செய்த வேலை அது.

காரியத்தன்று உறவுக்காரர் ஒருவர் மேஸ்திரியைப் பார்த்து, “மண்ணு சுவத்த வெட்டலாமா? உனக்குத் தெரிய வேணாம்?” என்று கேட்டார். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

என் மகன் எழுந்தான். “அவர எதுக்குக் கேக்கறீங்க? வேணாம்னு சொல்ற மனுசன் கையப் புடிச்சி இட்டாந்தது நானு. வெட்டுனது நானு. சன்னல கொண்டாந்தது நானு.”

மேஸ்திரி வேண்டாம் என்று சொல்லவே இல்லை. அவரைக் காப்பாற்ற இவன் அப்படிச் சொன்னான். நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்திருந்தால் இரண்டு பேரும் தலை நிமிர்ந்திருப்பார்கள். ஆறு பேரை வளர்த்தவள், மண்ணைப் பற்றிப் பேசினால் தெருவே கேட்கும், அவள் போய்ப் புருஷன் மேல் சுவரைத் தள்ளினாள் என்று சொல்வார்களே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு சொல்ல மூன்று முறை போனேன். ஒருமுறை சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். அவன் நிமிர்ந்து, “இன்னாம்மா?” என்றான். “ரசம் ஊத்தட்டுமா” என்று கேட்டுவிட்டு எழுந்துவிட்டேன். மற்ற இரண்டு முறையும் அப்படித்தான்.

போன வாரம் அவன் பழைய முதலாளி எங்கள் வீட்டுக்கே வந்தார். உன் கை மாதிரி ஒரு கை இல்லையப்பா, வா என்று கூப்பிட்டார். இவன் வாசலிலேயே நின்று, இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு சொன்னான்:

“பெத்தவன் வூட்டுச் சுவத்தையே சரியா பாத்து வெட்டத் தெரியாதவன் நான். இன்னொருத்தர் வூட்ல கை வச்சி அவங்கப்பாவையும் கொல்லணுமா? போங்க சார்.”

நான் உள்ளே முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. நான் ஏழு மாதமாகப் பத்திரமாக வைத்திருக்கிற பெருமையை அவன் இப்படி முதுகில் தூக்குகிறான்.

எனக்குக் கையெழுத்து மட்டும்தான் போட வரும். அதனால் அவன் மகளை, என் பேத்தியை, பள்ளிக்கூட நோட்டோடு கூப்பிட்டு உட்காரவைத்தேன். நாலு நாளாகச் சாயந்திரத்தில் சொல்கிறேன், அவள் எழுதுகிறாள். என் பேச்சைப் புத்தகப் பேச்சாக மாற்றிக்கொள்கிறாள், மாற்றட்டும். சிமெண்ட் பூசிய இடம் வந்தபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஆயா, இத எழுதணுமா?”

“எழுது.”

“அப்பாவுக்குத் தெரிஞ்சிடுமே ஆயா.”

“அதுக்குத்தான் எழுதச் சொல்றேன். எழுது.”

கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் எழுதினாள். இப்போது அவள் அப்பா மார்க்கெட்டிலிருந்து வந்துவிட்டான். பின்பக்கம் தண்ணீர் மொண்டு ஊற்றுகிற சத்தம் கேட்கிறது. துடைத்துக்கொண்டு இங்கேதான் வந்து உட்காருவான்.

வந்தவுடனே ஆரம்பிக்காத பாப்பா, ஒரு வாய் டீ குடிக்கட்டும். அப்பறம் மொதல்லேர்ந்து படி, சத்தமா படி. ரெண்டு ஓட்டைய அடைச்சது நானு, கட்டில தள்ளுனது நானுன்னு வர்ற எடத்துல முழுங்காத. நான் எழுந்து போவப் பாத்தா, என் கையப் புடிச்சி உக்கார வச்சிட்டுப் படி.